நாய்களிடமிருந்து மீட்ட மான்குட்டி 26 நாளாக எங்கள் பட்டியில் இருக்கிறது. என்மீது வழக்கு வருமா?

கடிதத்தின் சுருக்கம்

வட மாவட்டம் ஒன்றில் காப்புக்காட்டை ஒட்டி மூன்று ஏக்கர் வைத்திருக்கும் 58 வயது விவசாயி எழுதியிருக்கிறார். ஒரு நாள் விடியற்காலையில் கடலைக் கொல்லைக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனபோது, ஓடைக்கரையில் நாய்கள் ஒரு மான்குட்டியைச் சூழ்ந்து கடித்துக்கொண்டிருந்தன. கல்லெறிந்து விரட்டிவிட்டு, குட்டியைத் துண்டில் சுற்றி வீட்டுக்குத் தூக்கி வந்தார். பின்னங்காலில் பல் பதிந்த காயம். தாயைக் காணவில்லை, நாய்கள் கொன்றிருக்கும் என்று முடிவு செய்துகொண்டார். கால்நடை மருந்தகத்தில் காயத்துக்கு மருந்து வைத்து ஊசி போட்டார்கள். "ஃபாரஸ்ட்டுக்குச் சொல்லிடுங்க" என்றும் சொல்லி அனுப்பினார்கள். ஆனால் சொல்லப் போனால் பிடித்து உள்ளே போட்டுவிடுவார்கள் என்று பக்கத்துத் தோட்டக்காரர் பயமுறுத்தியதால் அவர் சொல்லவில்லை.

இப்போது 26 நாள் ஆகிறது. முதலில் பசும்பால் கொடுத்ததில் குட்டிக்குக் கழிச்சல் கண்டது. பிறகு ஆட்டுப்பாலுக்கு மாற்றினார்கள். குட்டி ஆட்டுப் பட்டியில் வெள்ளாடுகளோடு படுத்துக்கொள்கிறது. பேத்தி கூப்பிட்டால் ஓடி வருகிறது. 'முத்து' என்று பெயரும் வைத்தாயிற்று. பேத்தி அதை வீடியோ எடுத்து இன்ஸ்டாகிராமில் போட, யாரோ ஒருவர் வனத்துறைக்குப் புகார் செய்யப் போவதாக எழுதிவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. பண்ணை வீடு வைத்திருக்கும் ஒருவர், பத்தாயிரம் ரூபாய் தருகிறேன், குட்டியை என் தோட்டத்தில் விட்டுவிடுங்கள் என்கிறார். மனைவி, ராத்திரியோடு ராத்திரியாகக் காட்டில் விட்டுவிடலாம் என்கிறார். அமெரிக்காவில் இருக்கும் தங்கை மகனோ, "இங்கே அடிபட்ட மானை வளர்க்க லைசென்ஸ் தர்றாங்க மாமா, நீங்களும் வாங்குங்க" என்கிறார்.

ஜெயிலுக்குப் போக வேண்டியிருக்குமா, அனுமதி வாங்கி முத்துவை நாங்களே வளர்க்க வழி உண்டா, ஒப்படைத்தால் அது உயிரோடு இருக்குமா: இவைதான் அவருடைய கேள்விகள்.

வழக்கறிஞரின் பதில்

ஐயா,

"நாய் வாயிலிருந்து ஒரு உயிரைப் பிடுங்கியது தப்பா?" என்று கடிதத்தை முடித்திருக்கிறீர்கள். தப்பில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி நான் எழுதப்போவதில் சில உங்களுக்குக் கசக்கும். அந்தக் காலையில் நீங்கள் செய்தது ஒன்று. அதற்குப் பிறகு வாரக்கணக்கில் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தது இன்னொன்று. சட்டம் இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கும். உங்களுக்குச் சிக்கல் இரண்டாவதில்தான் இருக்கிறது; அதையும் இன்னும் சரிசெய்ய இடமிருக்கிறது.

சட்டத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரி

கடிதத்தில் நீங்கள் கேட்காத ஒன்றுதான் என்னை மிகவும் உறுத்தியது. குட்டியை நாய் கடித்திருக்கிறது. அந்த நாய் யாருடையது, அது பிறகு உயிரோடு இருந்ததா என்பது உங்களுக்குத் தெரியாது. வெறிநோய் நாயிடமிருந்து மனிதனுக்கு மட்டும் வருவதில்லை. மாடு, ஆடு, மான் என்று பாலூட்டி எதற்கும் வரும், அவற்றின் எச்சில் வழியாக நமக்கும் வரும். கடிபட்ட பிறகு நோய் வெளியே தெரியப் பல வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். 26 நாளாகக் குட்டி துள்ளிக் குதிக்கிறது என்பதால் ஆபத்து கழிந்துவிட்டது என்று எண்ண முடியாது. பத்து நாள் பார்த்தால் போதும் என்று ஊரில் சொல்வது கடித்த நாயையும் பூனையையும் பற்றியது. மான்குட்டிக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

பேத்தி விரலில் பாலைத் தொட்டுச் சப்பக் கொடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். கையில் சின்னக் கீறல் இருந்தாலே அது கவனிக்க வேண்டிய விஷயம். இந்தப் பதிலைப் படித்த அன்றே பேத்தியையும், புட்டிப்பால் கொடுத்த மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போங்கள். நடந்ததை அப்படியே சொல்லுங்கள். தடுப்பூசி அங்கே இலவசம். யாருக்குத் தேவை, யாருக்கு வேண்டாம் என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். ஊசி ஆரம்பித்தால் சொன்ன தேதிகளில் ஒன்றையும் விடாமல் போட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், குட்டியை இன்றைக்கே வெள்ளாடுகளிடமிருந்து பிரித்து, ஆள் நடமாட்டம் இல்லாத ஓர் அறையிலோ சாக்குக் கட்டி மறைத்த மூலையிலோ விடுங்கள். கோமாரியும் ஆட்டுக்கொல்லி நோயும் ஆட்டிலிருந்து மானுக்கும், மானிலிருந்து ஆட்டுக்கும் தாவக்கூடியவை. உங்கள் பட்டியில் வந்த நோயை இந்தக் குட்டி ஒரு காட்டுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கக் கூடாது.

அந்த 48 மணி நேரம்

இனி சட்டம். வனவிலங்கு (பாதுகாப்பு) சட்டம் 1972-ல் கடைசியாகப் பெரிய திருத்தம் 2022-ல் வந்தது. அது 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. புள்ளியோடு பிறந்த குட்டி என்று எழுதியிருப்பதால் இது புள்ளிமான் என்று எடுத்துக்கொள்கிறேன். முறுக்குக் கொம்புள்ள வெளிமானின் குட்டிக்குப் புள்ளி இருக்காது. இந்த வித்தியாசம் முக்கியம். வெளிமான் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது கூடுதல் பாதுகாப்புள்ள விலங்குகளின் பட்டியலில் இருக்கிறது. அது சம்பந்தப்பட்ட குற்றத்துக்குக் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஏழு ஆண்டு சிறை. புள்ளிமான் இரண்டாம் அட்டவணையில் வருகிறது. அதற்குப் பொதுவான தண்டனைதான்: மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 'வரை' என்ற சொல்லைக் கவனியுங்கள். இதில் குறைந்தபட்சம் இத்தனை என்று நீதிமன்றத்தின் கையைக் கட்டிப்போடவில்லை.

"நான் வேட்டையாடவில்லையே" என்கிறீர்கள். இந்தச் சட்டத்தில் வேட்டை என்ற சொல்லுக்குள் கொல்வது மட்டுமில்லாமல், பிடிப்பதும் கண்ணி வைப்பதும் துரத்துவதும் அடங்கும். அதனால் அந்தச் சொல்லை நம்பி நிற்காதீர்கள். உங்களைக் காப்பாற்றுவது உங்கள் நோக்கமும் நீங்கள் செய்த சிகிச்சையும்தான். நாயிடமிருந்து மீட்டு, காயத்தோடு மருந்தகத்துக்குத் தூக்கிப் போனவரை வேட்டைக்காரர் என்று நிரூபிப்பது எளிதல்ல.

உங்களுக்குப் பொருந்தும் பிரிவு 39. சட்டத்தை மீறி அடைத்து வைக்கப்பட்ட காட்டு விலங்கு அரசின் சொத்து என்கிறது அது. அரசின் சொத்து எந்த வழியில் ஒருவர் கைக்கு வந்தாலும், 48 மணி நேரத்துக்குள் பக்கத்துக் காவல் நிலையத்திலோ அதிகாரம் பெற்ற வன அலுவலரிடமோ தெரிவிக்க வேண்டும். கேட்டால் ஒப்படைக்க வேண்டும். தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன் அனுமதி எழுத்தில் இல்லாமல் வைத்துக்கொள்ளக் கூடாது. பக்கத்துத் தோட்டக்காரர் சொன்னதுபோல "தொட்டாலே கேஸ்" என்று சட்டம் சொல்லவில்லை. தூக்கி வந்தவர் சொல்வதற்கு இரண்டு நாள் அவகாசமும் கொடுத்திருக்கிறது. நீங்கள் தவறவிட்டது அந்த அவகாசத்தை.

அதற்காக, கெடு தாண்டிவிட்டது, இனிச் சொன்னாலும் ஒன்றுதான் சொல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்று நினைத்துவிடாதீர்கள். 26-ஆம் நாள் தானாக வந்து சொன்னவருக்கும், 60-ஆம் நாள் சோதனையில் அகப்பட்டவருக்கும் நடுவே பெரிய தூரம் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஒரு குடும்பம் இதேபோல் ஒரு குட்டியை வளர்த்தது. விசாரிக்க வந்தவர்களிடம் "அப்படி எதுவும் இல்லை" என்று சொல்லிவிட்டார்கள். பின்னால் குட்டி தவிட்டு மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து எடுக்கப்பட்டது. குட்டியை அவர்கள் எவ்வளவு பாசமாக வளர்த்தார்கள் என்பதை அதற்குப் பிறகு யாரும் காது கொடுத்துக் கேட்கவில்லை. அந்த ஒரு பொய்தான் வழக்கு முழுவதும் பேசப்பட்டது.

விலங்கு ஒருவர் வசம் இருந்தால், சட்டப்படிதான் இருக்கிறது என்று காட்டும் பொறுப்பையும் இந்தச் சட்டத்தின் பிரிவு 57 அவர்மீதே வைக்கிறது. அதனால் மருந்தகச் சீட்டு, முதல் நாள் எடுத்த படங்கள், பால் புட்டி வாங்கிய ரசீது எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள். பேத்தியின் வீடியோவை அழிக்க வேண்டாம். பொதுவில் தெரியாதபடி மறைத்துவிட்டு, அசலைப் போனிலேயே வைத்திருங்கள். காலில் கட்டுப் போட்டிருப்பதும் தேதியும் அதில் பதிவாகியிருக்கின்றன. அது உங்களுக்குச் சாட்சி. அவசரமாக அழித்தால் எதையோ மறைத்ததுபோல் ஆகிவிடும்.

கைது பற்றி: ஏழு ஆண்டு வரை தண்டனையுள்ள குற்றங்களில் கைது என்பது தானாக நடக்கும் காரியம் ஆகக்கூடாது, அவசியமில்லாதபோது நோட்டீஸ் கொடுத்து விசாரிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014-லேயே போலீசாருக்குத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. கைது செய்யவே மாட்டார்கள் என்று நான் உறுதி சொல்ல முடியாது. முன்ஜாமீன் என்ற வழியும் இருக்கிறது. ஆனால் வழக்கே பதிவாகாத நிலையில், குட்டியை வீட்டில் வைத்துக்கொண்டு முன்ஜாமீனுக்கு ஓடுவதை நான் விரும்பமாட்டேன். முதலில் ஒப்படையுங்கள். குறைந்தபட்ச சிறை விதிக்கப்படாத குற்றங்களில், தொகை கட்டிச் சமரசமாக முடிக்கும் அதிகாரமும் பிரிவு 54-ல் இருக்கிறது. அது அதிகாரியின் விருப்பத்தைப் பொறுத்தது, உங்கள் உரிமை கிடையாது. தானாக முன்வந்தவருக்கு அந்தக் கதவு திறக்க வாய்ப்பு அதிகம்.

அமெரிக்க லைசென்ஸும் நம் சட்டமும்

தங்கை மகன் சொன்னது பொய்யில்லை. அமெரிக்காவில் வனவிலங்கு மறுவாழ்வாளர் என்று தனி நபர்களுக்கே மாநில அரசுகள் உரிமம் தருகின்றன. ஆனால் மான் விஷயத்தில் அங்கேயும் கட்டுப்பாடு கடுமை. மான்களை மெலியவைத்துக் கொல்லும் 'க்ரானிக் வேஸ்டிங் டிசீஸ்' என்ற நோய் 1967-ல் கொலராடோவில் அடைத்து வைத்திருந்த மான்களிடம் முதலில் தென்பட்டது, இன்றுவரை மருந்தில்லை. ஓரிடத்தில் பிடித்த மானை இன்னோரிடத்தில் விட்டால் நோயும் கூடவே போகும் என்பதால், நோய் பரவிய பகுதிகளில் உரிமம் உள்ளவர்கள்கூட மானைத் தொடத் தடை இருக்கிறது.

நம் சட்டத்தில் தனி நபருக்கு அப்படி ஓர் உரிமமே கிடையாது. மீட்பு மையம் என்பது சட்டத்தின் பார்வையில் உயிரியல் பூங்கா என்ற வரையறைக்குள்ளேயே வருகிறது. மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தின் அங்கீகாரம் வேண்டும். தொண்டு நிறுவனங்களும் வனத்துறையோடு கைகோத்துத்தான் இதைச் செய்கின்றன. அசாமில் காசிரங்கா பக்கத்தில் 2002 முதல் நடக்கும் மறுவாழ்வு மையம் நல்ல உதாரணம். வெள்ளத்தில் தாயைப் பிரிந்த பாடா மான் குட்டிகளை அங்கே மருத்துவர்கள் வளர்த்துத் திரும்பக் காட்டில் விடுகிறார்கள். அந்த மையத்தை மாநில வனத்துறையும் ஒரு வனவிலங்கு அறக்கட்டளையும் சேர்ந்து நடத்துகின்றன. ஆட்டுப் பட்டியை மீட்பு மையமாக மாற்ற உங்களுக்கு அனுமதி கிடைக்காது. அதற்காக மனுப் போட்டு இன்னும் ஒரு மாதத்தை வீணாக்க வேண்டாம்.

'உடைமைச் சான்றிதழ்' வாங்கித் தருகிறேன் என்று யாராவது வந்தாலும் நம்பாதீர்கள். 2003-ல் அரசு கொடுத்த அவகாசத்தில் பழைய இருப்பை அறிவித்தவர்களுக்கான ஏற்பாடு அது. காட்டிலிருந்து புதிதாக வந்த விலங்குக்கு அது செல்லாது.

உங்கள் பேரன், "உயிர்களிடம் கருணை காட்டுவது கடமை என்று அரசியல் சாசனமே சொல்கிறது தாத்தா" என்று 51ஏ பிரிவைக் காட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். பிள்ளை சரியாகத்தான் படித்திருக்கிறான். நீங்கள் கல்லெறிந்து நாயை விரட்டியது அந்தக் கடமைதான். நீதிமன்றத்தில் உங்கள் நல்லெண்ணத்தைக் காட்ட அது உதவும். வீட்டில் வைத்துக்கொள்ள அனுமதிச் சீட்டாக உதவாது. 2023-ல் உத்தரப் பிரதேசத்தில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். கால் ஒடிந்த சாரஸ் கொக்கு ஒன்றுக்கு அமேதி பக்கத்துக் கிராமத்து இளைஞர் வைத்தியம் பார்த்தார். கொக்கு அவர் பைக் பின்னாலேயே பறந்து வரும் காட்சியை நாடே பார்த்தது. கடைசியில் வனத்துறை அதை எடுத்துக்கொண்டு போனது, கான்பூர் உயிரியல் பூங்காவில் வைத்தது, அவர்மீது வழக்கும் போட்டது. அந்தப் பறவை கட்டிப்போடப்படவில்லை, கூண்டிலும் இல்லை, அப்படியும் இதுதான் நடந்தது. அது நியாயமா என்று கேட்டால் எனக்கும் மனம் கனக்கிறது. ஆனால் என்ன நடக்கும் என்று கேட்டு எனக்கு எழுதியிருக்கிறீர்கள். அதைத்தான் நான் சொல்லியாக வேண்டும்.

ராத்திரியில் காட்டில் விடுவது, பண்ணை வீட்டுக்குக் கொடுப்பது

இரண்டுமே வேண்டாம். உங்கள் மனைவி சொல்லும் யோசனை பாசத்தில் வந்தது, புரிகிறது. ஒரு மாதக் குட்டி இன்னும் பால்குடி. அதற்குக் கூட்டம் தெரியாது, எதைப் பார்த்து ஓட வேண்டும் என்றும் தெரியாது. நாய்க்குப் பயப்பட வேண்டிய குட்டி இப்போது மனிதரையும் ஆட்டையும் பார்த்து ஓடி வரக் கற்றிருக்கிறது. காட்டோரத்தில் இறக்கிவிட்டால் விடிவதற்குள் ஊரை நோக்கித்தான் திரும்பும், வழியில் அதே நாய்கள் நிற்கும். இதற்கு மேல், காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவதே 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். காட்டு விலங்கை வண்டியில் ஏற்றிப் போகவும் அனுமதி வேண்டும். வழியில் நிறுத்தினால், காப்பாற்றியவர் என்ற பெயர் போய்க் கடத்தியவர் என்ற பெயர் வரும். உயிரியல் பூங்காவுக்கு நீங்களே காரில் கொண்டுபோகலாம் என்ற எண்ணத்தையும் இதே காரணத்துக்காக விட்டுவிடுங்கள்.

பண்ணை வீட்டுக்காரரிடம் ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள், இனாமாகவும் கொடுக்காதீர்கள். இன்றுவரை உங்கள் பக்கம் இருக்கும் பெரிய பலம், இதில் உங்களுக்கு லாபம் எதுவும் இல்லை என்பதுதான். பத்தாயிரம் ரூபாய்க்கு அதை விற்றுவிட்டு வந்தால், எந்த வழக்கறிஞராலும் உங்களுக்காகப் பேச முடியாது.

இன்னொன்றையும் யோசியுங்கள். முத்து ஆண். கொம்பு முளைத்துப் பருவத்துக்கு வரும்போது, மனிதருக்குப் பயப்படாத ஆண் மான் மனிதரையே தனக்குப் போட்டியாக நினைத்து முட்ட வரும். புட்டிப்பாலில் வளர்ந்த ஆண் மான்கள் வளர்த்தவரையே குத்திய கதைகளைக் கால்நடை மருத்துவர்களிடம் கேட்டுப் பாருங்கள். இன்று பேத்தியின் மடியில் தலை வைக்கும் குட்டியை, இரண்டு வருடம் கழித்துக் கயிறு போட்டு மரத்தில்தான் கட்ட வேண்டியிருக்கும்.

நாளைக் காலை

நேரில் போவதற்கு முன் ஒரு கடிதம் எழுதுங்கள். வனச்சரக அலுவலருக்கு முகவரியிட்டு, நகல் மாவட்ட வன அலுவலருக்கு. எந்தத் தேதி, எந்த இடம், எப்படிக் கிடைத்தது, என்ன சிகிச்சை, என்ன பால், இப்போது எங்கே இருக்கிறது என்று எழுதுங்கள். ஏன் 48 மணி நேரத்தில் சொல்லவில்லை என்பதையும் ஒளிக்காமல் எழுதுங்கள்: 'சட்டம் தெரியாமலும் பயத்தாலும் தாமதித்துவிட்டேன், நானே முன்வந்து ஒப்படைக்கிறேன்.' தாய் செத்துவிட்டது என்று மட்டும் எழுதாதீர்கள். நீங்கள் அதைப் பார்க்கவில்லை. பெண்மான் பிறந்த குட்டியைப் புதரில் படுக்க வைத்துவிட்டு மேயப் போவதும், பாலூட்ட மட்டும் திரும்பி வருவதும் வழக்கம். அன்றைக்கு அது கொஞ்ச தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டுகூட இருந்திருக்கலாம். குட்டிக்குக் காயம் இருந்ததால் தூக்கி வந்தது சரிதான். ஆனால் காயமில்லாமல் தனியாகப் படுத்திருக்கும் மான்குட்டியை யாரும் 'அநாதை' என்று தூக்கி வரக்கூடாது. மனித வாடை பட்டால் தாய் சேர்க்காது என்று சொல்வதையும் நம்ப வேண்டாம். நாய்களை விரட்டிவிட்டு விலகி நின்றால் பெரும்பாலும் தாய் திரும்பி வரும்.

கடிதத்தோடு தனியாகப் போகாதீர்கள். ஊராட்சித் தலைவரையோ கிராம நிர்வாக அலுவலரையோ, முடிந்தால் ஒரு வழக்கறிஞரையோ கூட்டிப் போங்கள். வழக்கறிஞருக்குக் கட்டணம் தர வசதியில்லை என்றால் 15100 என்ற எண்ணில் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அழைத்துக் கேளுங்கள். கடித நகலில் தேதியோடு கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். தர மறுத்தால் சண்டை போட வேண்டாம்; அன்றைக்கே ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பிவிடுங்கள். குட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், அவர்களே வந்து எடுக்கட்டும்.

எடுக்கும்போது மகஜர், அதாவது எங்கே எப்படி எடுத்தார்கள் என்ற பதிவு, எழுதுவார்கள். முழுக்கப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். 'மீட்கப்பட்டது' என்று இருக்கிறதா, 'பறிமுதல் செய்யப்பட்டது' என்று இருக்கிறதா பாருங்கள். தானாக ஒப்படைத்ததாக எழுதச் சொல்லி மரியாதையாகக் கேளுங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்து போடவே கூடாது. உதவி வனப் பாதுகாவலர் நிலையிலும் அதற்கு மேலும் உள்ள அதிகாரி சட்டப்படி பதிவு செய்யும் வாக்குமூலம் நீதிமன்றத்தில் சாட்சியமாக ஏற்கப்படக்கூடியது. அதனால் நடந்ததை மட்டும் சொல்லுங்கள், ஊகத்தைச் சேர்க்காதீர்கள்.

முத்து பிழைக்குமா?

உங்கள் கடிதத்தில் மூன்று இடத்தில் இந்தக் கேள்வி வருகிறது. உண்மையைச் சொல்கிறேன்: யாராலும் உறுதி தர முடியாது. கையில் வளர்ந்த மான்குட்டி எங்கே இருந்தாலும் அதன் உயிர் மெல்லிய நூலில்தான் தொங்குகிறது. மானுக்குப் பயமே நோயாக மாறும். துரத்திப் பிடித்துக் கட்டித் தூக்கும்போது தசைகள் சிதைந்து, சில மணி நேரத்திலோ சில நாளிலோ அது செத்துப்போவதுண்டு. அதனால் ஒப்படைக்கும் அன்று கூட்டம் சேர விடாதீர்கள், செல்ஃபி எடுக்க விடாதீர்கள். அதற்குப் பழகிய கை உங்களுடையது. கூண்டுக்குள் விடும்வரை நானே பிடித்துக்கொள்கிறேன் என்று கேளுங்கள். கண்ணை மெல்லிய துணியால் மூடி, காலைக் கட்டாமல், சத்தமில்லாமல் ஏற்றினால் பாதி ஆபத்து குறையும். இந்த வேலையில் பழக்கப்பட்ட அலுவலர் உங்கள் உதவியை வேண்டாம் என்று சொல்லமாட்டார்.

அங்கிருந்து மருத்துவர் பார்வையில் சில நாள் தனியே வைப்பார்கள். அதன்பின் மற்றப் புள்ளிமான்களோடு சேர்ப்பது, தேறினால் காட்டில் விடுவது என்று போகும். அடைபட்டு வளர்ந்த மான் காட்டுக்குத் திரும்பவே முடியாது என்பதும் சரியில்லை. கோவை வ.உ.சி. பூங்காவுக்கு 2022-ல் அங்கீகாரம் போனபின், அங்கே இருந்த புள்ளிமான்களைச் சிறுவாணி மலையடிவாரக் காட்டில் விட்டார்கள். மானுக்கு மான்கூட்டம் வேண்டும்; உங்கள் வீட்டில் எல்லாம் இருந்தும் அது ஒன்று இல்லை.

எங்கே கொண்டுபோகிறார்கள் என்று அன்றே கேட்டு எழுதி வாங்குங்கள். பின்னால் தகவல் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு மனுப் போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். போய்ப் பார்க்கலாமா என்றால், பொதுமக்கள் பார்க்கும் பூங்காவாக இருந்தால் யாரும் தடுக்க மாட்டார்கள். காட்டில் விடத் தயார் செய்யும் இடமாக இருந்தால் போகாதீர்கள். உங்கள் குரலை அது மறந்தால்தான் அங்கே பிழைக்கும்.

பேத்தியிடம் எப்படிச் சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். அவள் கையில் ஒரு வேலை கொடுங்கள். குட்டியோடு ஒரு தாளும் போக வேண்டும்: எந்தத் தேதியில் வந்தது, எந்தக் காலில் காயம், என்ன ஊசி, பசும்பால் எத்தனை நாள், ஆட்டுப்பால் எப்போதிலிருந்து, ஒரு வேளைக்கு எவ்வளவு, எத்தனை மணிக்கு, எந்தத் தழையைக் கடித்துப் பார்க்கிறது. இனி அதைப் பார்த்துக்கொள்ளப் போகும் மருத்துவருக்கு இந்த விவரம் வேறு யாரிடமும் கிடைக்காது. அந்தத் தாளை அவளையே எழுதச் சொல்லுங்கள்.